சர்வீஸ் முடித்து வந்த பழைய புல்லட் 350 ஸ்டார்ட் ஆகவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்குள்ள பதில்கள் ராயல் என்ஃபீல்டு புல்லட் 350 வண்டியின் பழைய வார்ப்பிரும்பு என்ஜினுக்கு உரியவை. 70 மி.மீ. விட்டமும் 90 மி.மீ. ஸ்ட்ரோக்கும் உடைய 346 சி.சி. என்ஜின், ஹெட்லைட்டுக்கு மேலே ஆம்பியர் மீட்டர், வலப்புறம் பாயின்ட் செட் (பொறிக்கான மின்சாரத்தைத் திறந்து மூடும் தொடர்பு முனைகள்), இடப்புற ஹேண்டில்பாரில் டிகம்ப்ரெஷன் லீவர் (சிலிண்டரின் அழுத்தத்தை வெளியேற்றும் பிடி), கிக்கர் மட்டும் என்ற அமைப்பில் சென்னை திருவொற்றியூர் ஆலையிலிருந்து பல பத்தாண்டுகள் வெளிவந்த வண்டி அது. செல்ஃப் ஸ்டார்ட்டும் எலெக்ட்ரானிக் இக்னிஷனும் வந்த பிந்தைய மாடல்களுக்குக் கார்ப்ரேட்டர், டாப்பெட் (வால்வுகளைத் திறக்கும் பாகங்களின் தளர்ச்சி) பற்றிய பகுதிகள் ஓரளவு பொருந்தலாம். பாயின்ட் பற்றியவை பொருந்தா.

நேற்றுவரை ஓடிய வண்டி சர்வீஸுக்குப் பின் ஸ்டார்ட் ஆகவில்லை. முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

சர்வீஸில் கைபட்ட இடங்களை மட்டும் பார்க்க வேண்டும். நேற்றுவரை ஓடிய என்ஜினில் பிஸ்டன் ரிங்கோ வால்வோ ஓர் இரவில் தேய்ந்துவிடுவதில்லை. கழற்றிய ஒன்று சரியாகப் பூட்டப்படாமலோ, மாற்றிய புதிய பாகம் பழுதாகவோ, பக்கத்தில் வேலை நடந்தபோது ஒரு வயர் இழுபட்டோ இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். ஆகவே என்னென்ன செய்யப்பட்டது என்பதை ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். வெளியே கொடுத்துச் செய்திருந்தால் மெக்கானிக்கிடம் ‘ஜெனரல் சர்வீஸ்’ என்ற பதிலோடு நிற்காமல், பாயின்ட்டைத் தொட்டாரா, டாப்பெட் வைத்தாரா, கார்ப்ரேட்டரைக் கழற்றினாரா, கேபிள் எதையாவது மாற்றினாரா என்று தனித்தனியாகக் கேளுங்கள். கடைசியாகச் செய்த வேலையிலிருந்து பின்னோக்கிச் சரிபார்த்துக்கொண்டு வாருங்கள்.

ஒரே நேரத்தில் பிளக், காயில் (பொறிக்கான உயர் அழுத்த மின்சாரத்தை உண்டாக்கும் சுருள்), கண்டென்சர் (பாயின்ட் முகத்தில் தீப்பொறி பறக்காமல் காக்கும் பாகம்) மூன்றையும் மாற்றிப் பார்ப்பது பலருடைய வழக்கம். வண்டி ஸ்டார்ட் ஆனாலும் கோளாறு எதில் இருந்தது என்பது தெரியாது. ஆகாவிட்டால், சந்தேகப்பட வேண்டிய புதிய பாகங்கள் மூன்று கூடியிருக்கும்.

ஆம்பியர் மீட்டரைக் கொண்டு பழுதைக் கண்டுபிடிக்க முடியும் என்கிறார்களே, எப்படி?

இந்த வண்டியில் அதைவிட நல்ல சோதனைக் கருவி வேறில்லை என்றே சொல்லலாம். காயிலுக்குப் போகும் மின்சாரம் ஆம்பியர் மீட்டர் வழியாகத்தான் போகிறது. பாயின்ட் மூடியிருக்கும்போது காயிலில் மின்சாரம் ஓடும், முள் கழித்தல் பக்கம் சாயும். பாயின்ட் திறந்தவுடன் ஓட்டம் நின்று முள் நடுவுக்கு வரும். விளக்குகளை அணைத்து, சாவியைப் போட்டு, டிகம்ப்ரெஷன் லீவரைப் பிடித்துக்கொண்டு கிக்கரை மெல்ல மெல்ல அழுத்துங்கள். முள் சாய்வதும் நடுவுக்குத் திரும்புவதுமாக இருக்க வேண்டும். பாயின்ட்டைத் திறக்கும் கேம், கிராங்கின் (பிஸ்டன் சுழற்றும் என்ஜின் தண்டின்) வேகத்தில் பாதிக்கே சுழல்வதால், கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றும்போது ஒருமுறைதான் இது நிகழும், அவசரப்படாமல் பாருங்கள்.

முள் அசையவே இல்லை என்றால் காயிலுக்கு மின்சாரம் போகவில்லை, அல்லது பாயின்ட் மூடும்போது தொடர்பு உண்டாகவில்லை. ஹாரனை அடித்துப் பாருங்கள். அதுவும் ஒலிக்காவிட்டால் பேட்டரி டெர்மினல், ஃபியூஸ், எர்த் வயர், ஆம்பியர் மீட்டரின் பின்புற நட்டுகள் ஆகியவற்றில் ஒன்று தளர்ந்திருக்கும். ஹெட்லைட்டைக் கழற்றி வேலை செய்திருந்தால் அந்த நட்டுகளையே முதலில் பாருங்கள். ஹாரன் ஒலித்தும் முள் அசையவில்லை என்றால் சாவி ஸ்விட்ச், காயில் இணைப்பு, பாயின்ட் முகம் என்ற வரிசையில் தேடுங்கள். புதிய பாயின்ட் செட்டின் முகத்தில் துருப்பிடிக்காமல் இருக்கத் தடவிய மெல்லிய எண்ணெய்ப் படலம் இருக்கக்கூடும். அதைத் துடைக்காமல் பூட்டினால், பார்வைக்குப் புத்தம் புதிதாக இருக்கும் பாயின்ட் மின்சாரத்தைக் கடத்தாது. சுத்தமான காகிதத்தில் சிறிது பெட்ரோலைத் தொட்டு இரு முகங்களுக்கும் நடுவே இழுத்துத் துடைத்து, உலரவிட்ட பிறகே சாவியைப் போடுங்கள்.

முள் சாய்ந்தது சாய்ந்தபடியே நிற்கிறது, கிக்கரை எவ்வளவு சுழற்றினாலும் நடுவுக்கு வரவில்லை என்றால், பாயின்ட் திறக்கவில்லை அல்லது திறந்தும் மின்சாரம் வேறு வழியில் எர்த் ஆகிறது. பாயின்ட் மாற்றிய வண்டிகளில் மிக அதிகமாகக் காணப்படும் பிழை இதுதான். அசையும் பாயின்ட்டின் ஸ்பிரிங், காயிலிலிருந்து வரும் வயர், கண்டென்சர் வயர் மூன்றும் ஒன்றோடொன்று தொட்டிருக்க வேண்டும். ஆனால் மூன்றும் அடித்தட்டைத் தொடக்கூடாது. அதற்காகவே ஃபைபர் வாஷர்கள் வைக்கப்பட்டுள்ளன. ஒரு வாஷர் இடம் மாறினாலும், வயரின் முனை வளைந்து தட்டில் உரசினாலும், காயில் எப்போதும் எர்த் ஆகிக்கொண்டே இருக்கும், பொறி வராது. வாஷர்கள் சரியாக இருந்தால் கண்டென்சர் வயரை மட்டும் கழற்றிவிட்டு மறுபடி பாருங்கள். முள் இப்போது நடுவுக்கு வந்தால் கண்டென்சர் உள்ளே ஷார்ட் ஆகியிருக்கிறது. இந்த நிலையில் சாவியை நெடுநேரம் போட்டு வைக்காதீர்கள், காயில் சூடேறிக் கெட்டுப்போகும்.

முள் முறையாகச் சாய்ந்து திரும்பினால் பேட்டரியிலிருந்து பாயின்ட் வரை ஒழுங்காக இருக்கிறது என்று பொருள். இனிப் பார்க்க வேண்டியவை பிளக், பிளக் கேப், காயிலின் உயர் அழுத்தப் பகுதி, டைமிங் (பொறி விழும் நேரம்), பெட்ரோல்.

பொறி வருகிறதா என்பதை எப்படிச் சோதிப்பது?

பிளக்கைக் கழற்றி, கேப்பில் செருகி, அதன் உலோக உடல் சிலிண்டர் ஹெட்டில் நன்றாகத் தொடும்படி வைத்துக் கிக்கரை அடித்துப் பாருங்கள். பிளக் துளையிலிருந்து பெட்ரோல் ஆவி வெளியே பீச்சும் என்பதால் பிளக்கை அத்துளைக்கு எதிரே வைக்காதீர்கள். கார்ப்ரேட்டர் ஒழுகிக்கொண்டிருந்தால் அதைச் சரிசெய்யும்வரை இச்சோதனையே வேண்டாம். வெண்ணீல நிறத்தில், ‘டிக்’ என்ற ஓசையோடு வரும் பொறி நல்லது. மஞ்சளாக, நூல்போல வந்தால் அது வெளிக்காற்றில் தெரிந்தாலும் சிலிண்டரின் அழுத்தத்தில் நிற்காது. பொறி மெலிந்தும், பாயின்ட் முகத்தில் பெரிதாகத் தீப்பொறி பறந்தும் காணப்பட்டால் கண்டென்சரைச் சந்தேகிக்க வேண்டும்.

6 வோல்ட் வண்டியில் 12 வோல்ட் காயிலைப் பொருத்தினாலும் பொறி மெலியும். பழைய வண்டிகள் பலவும் இடையில் யாராலோ 12 வோல்ட்டுக்கு மாற்றப்பட்டிருப்பதால், ஆண்டைச் சொல்லிக் காயில் வாங்காமல் பேட்டரியைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

எல்லாம் புதிய பாகங்கள். அவற்றிலுமா கோளாறு இருக்கும்?

இருக்கும். கண்டென்சர் விஷயத்தில் அது அரிதும் அன்று. சென்னை புதுப்பேட்டையிலோ ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலோ ஒரே பாகம் மூன்று விலையில் கிடைக்கிறதென்றால் மூன்றும் ஒரே தரத்தில் இரா. ஆகவே நன்றாக ஓடிக்கொண்டிருந்த பழைய கண்டென்சரையும் பாயின்ட்டையும் தூக்கி எறியாமல் வைத்திருங்கள். புதியதைப் பூட்டியபின் வண்டி நின்றால், பழையதை மறுபடி பூட்டிப் பார்ப்பதைவிட விரைவான சோதனை கிடையாது. ‘பழையதை என்ன செய்தீர்கள்?’ என்று சர்வீஸ் முடிந்த அன்றே மெக்கானிக்கிடம் கேட்டு வாங்கிக்கொள்வதில் தவறில்லை. நல்ல மெக்கானிக் கேட்காமலே கொடுப்பார்.

பாயின்ட் இடைவெளியும் டைமிங்கும் எவ்வளவு வைக்க வேண்டும்?

பாயின்ட் முழுவதுமாகத் திறந்திருக்கும் நிலையில் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. வரை இருக்க வேண்டும். இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜின் தகடு லேசான உராய்வோடு போய்வர வேண்டும். பிளேடு, சிகரெட் அட்டை போன்றவற்றை வைத்து அளக்கும் பழக்கம் அவசரத்துக்கு உதவும், சர்வீஸுக்கு உதவாது. இடைவெளியை மாற்றினால் பாயின்ட் திறக்கும் நேரமும் மாறும் என்பதை நினைவில் வையுங்கள். முதலில் இடைவெளி, அதன் பிறகு டைமிங். வரிசையை மாற்றிச் செய்தால், சரியாக வைத்த டைமிங் கடைசியில் கலைந்துவிடும்.

டைமிங்கைப் பொறுத்தவரை, கம்ப்ரெஷன் ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு ஏறத்தாழ 0.8 மி.மீ. முன்னால் பாயின்ட் திறக்கத் தொடங்க வேண்டும். பாயின்ட் முகங்களுக்கு நடுவே மெல்லிய காகிதத்தை வைத்து லேசாக இழுத்துக்கொண்டே என்ஜினைச் சுழற்றினால், காகிதம் நழுவும் இடமே பாயின்ட் திறக்கும் இடம். ஆம்பியர் மீட்டர் முள்ளும் அதே இடத்தில் துள்ளும். பிஸ்டனின் உயரத்தைப் பலர் பிளக் துளை வழியே சைக்கிள் ஸ்போக் கம்பியை விட்டு அளக்கிறார்கள். பிளக் துளை சாய்வாக இருப்பதால் அந்த அளவு தோராயமானதுதான். ஸ்டார்ட் ஆகும் அளவுக்குப் போதும். கம்பி உள்ளே இருக்கும்போது கிக்கரை அடித்துவிடக்கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்லிவைக்கிறோம்.

கிக் அடித்தால் கார்ப்ரேட்டர் வழியே ‘புஸ்’ என்று துப்புகிறது, அல்லது கிக்கர் காலைத் திருப்பி அடிக்கிறது. ஏன்?

இரண்டும் பெரும்பாலும் டைமிங்கைக் காட்டுகின்றன. கிக்கர் திருப்பி அடித்தால் பொறி மிக முன்னதாக வருகிறது. கணுக்காலைப் பதம்பார்க்கக்கூடிய கோளாறு என்பதால், அதைச் சரிசெய்யும்வரை கிக் அடிப்பதை நிறுத்துங்கள். பாயின்ட் இருக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் உடல் தளர்ந்து திரும்பியிருக்கலாம். அதற்குள்ளே வேகத்துக்கேற்ப டைமிங்கை முன்னேற்றும் எடைகள் ஒட்டிக்கொண்டு முன்னேறிய நிலையிலேயே நின்றிருக்கலாம், அல்லது அவற்றின் ஸ்பிரிங் கழன்றிருக்கலாம். கேமைக் கையால் திருப்பி விட்டால் அது தானே பழைய நிலைக்கு வர வேண்டும்.

டைமிங் கவரைத் திறந்து பல்சக்கரங்களைக் கழற்றிப் பூட்டிய வேலை என்றால், இன்னொரு வாய்ப்பும் உண்டு. பிஸ்டன் இரண்டு முறை உச்சிக்கு வருகிறது, ஒன்று கம்ப்ரெஷனில், மற்றொன்று எக்ஸாஸ்டில். டிஸ்ட்ரிபியூட்டரின் சக்கரத்தைத் தவறான உச்சியை வைத்துப் பூட்டிவிட்டால், ஆம்பியர் மீட்டர், பொறி எல்லாம் சரியாகவே தெரியும், வண்டி மட்டும் ஸ்டார்ட் ஆகாது. இதைச் சரிபார்ப்பது எளிது. சிலிண்டரின் அடியில் வலப்புறம் இருக்கும் டாப்பெட் மூடியைத் திறந்து, பாயின்ட் திறக்கும் நேரத்தில் வால்வுகளைத் தள்ளித் திறக்கும் இரண்டு புஷ்ராடுகளையும் விரலால் சுழற்றிப் பாருங்கள். இரண்டும் சுழன்றால் வால்வுகள் மூடியிருக்கின்றன, அது கம்ப்ரெஷன்தான். சுழலாவிட்டால் பொறி தவறான உச்சியில் விழுகிறது.

கிக்கர் மிக லேசாக இறங்குகிறது. என்ஜின் போய்விட்டதா?

பெரும்பாலும் இல்லை, கேபிள், திருகு சம்பந்தப்பட்ட மூன்று காரணங்கள் இருக்கின்றன. ஒன்று, டிகம்ப்ரெஷன் கேபிள். அதில் சிறிதளவு தளர்ச்சி இல்லாவிட்டால் ஹெட்டில் உள்ள குட்டி வால்வு முழுதாக மூடாமல் கம்ப்ரெஷன் கசியும். கிக்கரை மெல்ல அழுத்தினால் ‘ஸ்ஸ்’ என்ற ஒலி கேட்கும். இரண்டு, டாப்பெட். என்ஜின் நன்கு ஆறிய நிலையில், பிஸ்டன் கம்ப்ரெஷன் உச்சியில் இருக்கும்போது, புஷ்ராடு விரலுக்குத் தடையின்றிச் சுழல வேண்டும், ஆனால் மேலும் கீழும் ஆடக்கூடாது. சத்தம் குறைய வேண்டும் என்று வாடிக்கையாளர் கேட்பதற்காக இதை இறுக்கிவைப்பவர்கள் இருக்கிறார்கள். சத்தம் அடங்கும், வால்வு மூடாது. சூடான என்ஜினில் டாப்பெட் வைத்துக் கொடுத்திருந்தால், மறுநாள் காலை ஆறியபின் மறுபடி பாருங்கள்.

மூன்றாவது, கிளட்ச். இந்த வண்டியில் கிக்கரின் விசை கியர்பாக்ஸ், கிளட்ச் வழியாகவே என்ஜினுக்குப் போகிறது. புதிய கிளட்ச் கேபிளை இழுத்துக் கட்டியிருந்தால் தட்டுகள் வழுக்கும். கிக்கர் இறங்கும், என்ஜின் சுழலாது. கிளட்ச் லீவரில் 2, 3 மி.மீ. தளர்ச்சி இருக்கும்படி கேபிளைத் தளர்த்தினால் அந்த நொடியே சரியாகிவிடும். இந்த ஒன்றைப் பார்க்காமல் ஹெட்டைக் கழற்றியவர்களும் உண்டு.

கார்ப்ரேட்டரைச் சுத்தம் செய்த பிறகுதான் தொல்லை தொடங்கியது.

பிளக் எப்படி இருக்கிறது என்பதைக் கொண்டு பிரித்துப் பாருங்கள். பலமுறை கிக் அடித்தபின்னும் பிளக் காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. நனைந்திருந்தால் மிகுதியாக வருகிறது.

காய்ந்திருந்தால் பெட்ரோல் டேப் திறந்திருக்கிறதா, ரிசர்வில் வருகிறதா என்று பார்த்து, ஃப்ளோட் கிண்ணத்தின் (கார்ப்ரேட்டரில் பெட்ரோல் தேங்கும் கிண்ணத்தின்) வடிகால் திருகைத் தளர்த்துங்கள். பெட்ரோல் தொடர்ந்து வழிந்தால் கிண்ணம்வரை தடையில்லை. இனி அடைப்பு பைலட் ஜெட்டில் (குறைந்த வேகத்துக்குப் பெட்ரோல் தரும் சிறு துளையில்) இருக்கும். அந்தச் சிறு துளையில் எஃகுக் கம்பியை விட்டுக் குத்தாதீர்கள். துளை பெரிதானால் பிறகு எந்தத் திருகாலும் கலவையைச் சரிசெய்ய முடியாது. காற்றழுத்தத்தால் ஊதுவதே முறை.

நனைந்திருந்தால் பெட்ரோல் வரத்தை அடைக்கும் ஃப்ளோட் ஊசியில் தூசு, அல்லது ஃப்ளோட்டைப் பூட்டியதில் பிழை. அதைச் சரிசெய்தபின் உள்ளே தேங்கியதை வெளியேற்ற வேண்டும்: டேப்பை மூடி, சாவியை எடுத்துவிட்டு, பிளக்கைக் கழற்றி, ஆக்ஸிலேட்டரை முழுதாகத் திருகியபடி பலமுறை கிக் அடியுங்கள். பிறகு பிளக்கைத் துடைத்துக் காயவைத்துப் பூட்டுங்கள்.

மிக்கார்ப் கார்ப்ரேட்டரில், ஆக்ஸிலேட்டரோடு ஏறி இறங்கும் ஸ்லைடைத் திருப்பிப் போடுவது மற்றொரு பிழை. அதன் வெட்டுப்பக்கம் ஏர் ஃபில்டரை நோக்கியிருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் ஸ்லைடு அடிவரை இறங்காமல் நிற்கும். ஆக்ஸிலேட்டர் சற்றுத் திறந்தபடியே இருக்கும். ஆக்ஸிலேட்டர் மூடியிருந்தால்தான் சோக் வேலை செய்யும் என்பதால், குளிர்ந்த என்ஜின் ஸ்டார்ட் ஆகவே ஆகாது. சோக் போட்டுக்கொண்டே ஆக்ஸிலேட்டரை முறுக்கிக் கிக் அடிப்பவர்கள், கார்ப்ரேட்டர் சரியாக இருந்தும் இதே நிலையைத் தாங்களே உண்டாக்குகிறார்கள். காற்றுத் திருகைப் பொறுத்தவரை, முழுதாக மூடி ஒன்றரைச் சுற்றுத் திறந்தால் தொடக்கத்துக்குப் போதும்.

ஏர் ஃபில்டர் குழாய்க்குள் துணி ஏதும் விடுபட்டிருக்கிறதா என்றும் எட்டிப் பாருங்கள்.

வாட்டர் சர்வீஸ் மட்டும்தான் செய்தேன். அதற்குமா?

அதற்கும்தான். அழுத்தமாகப் பீய்ச்சிய தண்ணீர் பிளக் கேப்புக்குள்ளும், பாயின்ட் மூடிக்குள்ளும், சாவித் துளைக்குள்ளும் புகும். மூடியைத் திறந்து உலர்ந்த துணியால் துடைத்து, வெயிலில் சிறிது நேரம் வைத்தாலே பெரும்பாலும் போதுமானது. டேங்க் மூடி வழியே தண்ணீர் இறங்கியிருந்தால் கதை வேறு. இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் தண்ணீரை ஈர்த்துக்கொள்ளும். அளவு மிஞ்சினால் எத்தனாலும் தண்ணீரும் பிரிந்து டேங்கின் அடியில், அதாவது டேப் இருக்கும் இடத்தில், தங்கிவிடும். கண்ணாடிப் புட்டியில் சிறிது பிடித்து வைத்துப் பாருங்கள். அடியில் தனி அடுக்குத் தெரிந்தால் டேங்க், கிண்ணம் இரண்டையும் வடித்துவிட்டுப் புதுப் பெட்ரோல் ஊற்றுவதே வழி.

தள்ளி ஸ்டார்ட் செய்யலாமா?

இந்த வண்டியில் அதனால் பெரிய பயன் இல்லை. கிக்கர் பேட்டரியை நம்பிச் சுழல்வதில்லை. கிக்கில் வராத பொறி தள்ளினாலும் வராது. கிக்கர் மட்டும் வழுக்கும்போது தள்ளுவது உதவலாம். டைமிங் கலைந்திருக்கிறது என்ற ஐயம் இருந்தால் தள்ளவே வேண்டாம்.

எல்லாம் சரி என்றால், ஸ்டார்ட் செய்யும் முறை என்ன?

கியரை நியூட்ரலில் வைத்து, பெட்ரோலைத் திறந்து, என்ஜின் குளிர்ந்திருந்தால் சோக் போடுங்கள். சாவியைப் போட்டு, கிக்கரை மெல்ல அழுத்தினால் ஓரிடத்தில் கம்ப்ரெஷன் தடுக்கும். ஆம்பியர் மீட்டர் முள் அங்கே நடுவுக்கு வந்திருக்கும். டிகம்ப்ரெஷன் லீவரைப் பிடித்து, பிஸ்டனை உச்சியிலிருந்து மயிரிழை தாண்டவிட்டு, லீவரை விட்டுவிடுங்கள். கிக்கரை மேலே வரவிட்டு, ஆக்ஸிலேட்டரைத் தொடாமல், ஒரே சீராக அடிவரை அழுத்துங்கள். உதைக்க வேண்டியதில்லை, எடையை இறக்கினால் போதும்.

ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் சூடானபின் நின்றுவிட்டு, ஆறினால்தான் மறுபடி பிடிக்கிறது.

நின்றவுடன் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். காற்றை உள்ளிழுக்கும் ஓசை கேட்டு, அதன்பின் வண்டி ஸ்டார்ட் ஆனால் மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது. பெயின்ட் வேலை செய்த வண்டிகளில் இது நேரும். அப்படி இல்லாவிட்டால் சூடாக இருக்கும்போதே பொறியைச் சோதியுங்கள். குளிர்ந்தபோது நன்றாக வந்து சூட்டில் மெலிந்தால் முதலில் கண்டென்சரையும், பிறகு காயிலையும் மாற்றிப் பார்க்க வேண்டும். பொறியும் குறையவில்லை, கிக்கர் மட்டும் சூட்டில் லேசாகிறது என்றால் டாப்பெட்டுக்குத் திரும்புங்கள்: இறுக்கமாக வைத்திருந்தால் எக்ஸாஸ்ட் வால்வு சூட்டில் நீண்டு, இருக்கையில் முழுதாக அமராமல் போகும். அந்த நிலையில் தொடர்ந்து ஓட்டினால் வால்வின் விளிம்பு கருகும். ஆறவிட்டு அன்றைக்கே சரிசெய்துவிடுங்கள்.